ஃபேன் சத்தமும் ப்ராசஸர் வேகமும்: கேள்வி-பதில்

கே: ப்ரௌசரைத் திறந்தாலே லேப்டாப் ஃபேன் அலறுது. புதுசு வாங்கிடலாமா?

ப: காசை உள்ள வைங்க. விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸ்ல அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் போயி, 'மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்' 100ன்னு இருக்கிறதை 99 ஆக்குங்க. ஒரு சதவீதத்துல என்னய்யா ஆகப்போகுதுன்னு தோணும், ஆனா பெரும்பாலான மெஷின்ல அதுலயே டர்போ, அதாவது லோடு வந்தா ப்ராசஸர் தானா கூடுதல் வேகத்துக்குத் தாவுறது, ஆஃப் ஆயிடும், ஃபேனும் அடங்கிடும்.

கே: ப்ராசஸர் டப்பால 65 வாட்ஸ், ஆனா லோடு குடுத்தா அதுக்கு மேல எவ்வளவோ இழுக்குது. ஏமாந்துட்டேனா?

ப: ஆமா, நானும்தான். இந்த 65ஐ நம்பி ப்ராசஸர் சூட்டைத் தணிக்க ஒரு குட்டி கூலர் ஃபேன் வாங்கி, அது ராத்திரி பூரா ஊளையிட்டு, கடைசில பெருசா இன்னொண்ணு வாங்கினேன். அந்த நம்பர் டர்போ இல்லாத பேஸ் வேகத்துக்கு மட்டும்தான். இன்டெல் 12700 ப்ராசஸரையே பாருங்க, பேஸ் பவர் 65, டர்போல 180 வரைக்கும் போகலாம்னு இன்டெல்லே சொல்லுது, ஆனா விக்கிறவன் வாயில 65 மட்டும்தான் வரும், 180ஐக் கேட்டாத்தான் சொல்லுவான், பல பேருக்கு அதுவும் தெரியாது. எனக்கு இதுலதான் பத்திக்கிட்டு வரும். சரி, வழி இருக்கு: பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கிற செட்டிங்ஸ் திரை) பவர் லிமிட்டை 65ல கட்டிடுங்க. பவர் வேகத்துக்கும், வோல்டேஜோட வர்க்கத்துக்கும் ஏத்த மாதிரி ஏறும், அதனால வேகம் 20 சதவீதம் இறங்கி கூடவே வோல்டேஜும் 10 சதவீதம் இறங்கினா, சிப் வேலை செய்ய இழுக்கிற பவர்ல மூணுல ஒரு பங்கு குறைஞ்சிடும். கடைசி சொட்டு வேகத்துக்குத்தான் அவ்வளவு கரண்டும் போகுது.

கே: வருஷ சந்தா கட்டி 'சிபியூ கூலர்' சாஃப்ட்வேர் போட்டேன். சத்தம் குறையவே இல்ல.

ப: பாவம், உங்க மேல தப்பில்ல. சாஃப்ட்வேர் காத்தா வீசும்? மேல சொன்ன காசில்லாத செட்டிங்குக்கு கலர் பட்டன் வச்சு விக்கிறாங்க. ரீஃபண்ட் கேளுங்க, ஆட்டோ ரின்யூவலை இன்னைக்கே நிறுத்துங்க.

கே: அந்த 'மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்'டை 50 ஆக்கினேன், இப்ப கேம் திக்குது. மதர்போர்டு மாத்தணுமா?

ப: குறைச்சது நீங்கதானே? ஏத்துங்க.

கே: சும்மா ஓடுற மெஷினை எப்பவும் குறைஞ்ச வேகத்துலயே பூட்டி வச்சா பில் குறையுமா?

ப: பெருசா இல்ல. வேலை இல்லாதப்போ ப்ராசஸர் தானாவே இறங்கிக்கும். ஸ்லீப்ல போடுங்க.

கே: எல்லாம் செஞ்சாச்சு, இன்னும் கடக்கு கடக்குன்னு சத்தம்.

ப: அது ஃபேனா இருக்காதுங்க, அனேகமா ஹார்ட் டிஸ்க். முதல்ல பேக்கப் எடுங்க, கேள்வி அப்புறம்.