தழைச்சத்தும் மணிச்சத்தும்

அன்புள்ள ஐயா,
ஜெர்மனியில் கோட்டிங்கன் பக்கம் வசிக்கிறேன். வீட்டுக்குப் பின்னாலுள்ள பீச் (beech; பழம் தரும் peach அல்ல) மரங்களின் உச்சி மெலிந்துகொண்டே வருகிறது. அக்டோபரில் கைக்கு எட்டிய கிளையில் இலை பறித்து ஆய்வுக்கு அனுப்பினேன். பாஸ்பரஸ் மிகக் குறைவு என்றார்கள். உரம் வைத்தால் தேறுமா? 2018 வறட்சிதான் காரணமா?
கே.

அன்புள்ள கே.,
வறட்சியும் அடித்திருக்கிறது, பீச்சுக்குப் பேர்போன ஜெர்மனியின் ஹைனிஷ் காட்டிலேயே பீச்சுகள் பட்டுப்போயின. அதை விடுங்கள்.

அக்டோபரிலா இலை பறிப்பது! உதிர்க்கும் முன் மரம் இலையின் பாஸ்பரஸிலும் நைட்ரஜனிலும் கணிசமான பங்கைக் கிளைக்குள் இழுத்துக்கொள்ளும். காலி செய்த வீட்டில் போய்ப் பாத்திரம் எண்ணியிருக்கிறீர்கள். ஜூலை, ஆகஸ்டில், வெயில் படும் உச்சிக் கிளையில் எடுக்க வேண்டும். அதற்காகக் கயிறு கட்டி ஏறுகிறார்கள். கிளையைத் துப்பாக்கியால் சுட்டும் வீழ்த்துகிறார்கள்.

ஆனால் உங்கள் கவலை வீண் இல்லை. 1992 முதல் 2009 வரை ஐரோப்பா முழுக்கச் சேகரித்த பீச் இலைகளில் பாஸ்பரஸ் இறங்கியே வந்திருக்கிறது. ஏன்? வண்டிப் புகையிலிருந்தும் மாட்டுப் பண்ணைகளிலிருந்தும் கிளம்பும் நைட்ரஜன் மழையோடு காட்டில் இறங்குகிறது. கேட்காமலே கிடைக்கும் தீனி. மரம் மளமளவென்று வளர்கிறது. பாஸ்பரஸ் அந்த வேகத்துக்கு வருவதில்லை. போதாததற்கு, அதை மண்ணிலிருந்து தேடிக் கொடுக்கும் வேர்ப்பூஞ்சைகளும் நைட்ரஜன் மிகுந்தால் குறைந்துபோகின்றன.

நம் விவசாயிகள் நைட்ரஜனைத் தழைச்சத்து என்கிறார்கள், பாஸ்பரஸை மணிச்சத்து. எவ்வளவு சரியான பெயர்கள்! அப்பா ஒருமுறை யூரியாவை அள்ளிப் போட்டார். வயல் கரும்பச்சையாய் நின்றது, ஊரே பார்த்துப் போனது. அம்மா மட்டும் வரப்பில் உட்கார்ந்து ஒரு கதிரை உருவி, விரலிடுக்கில் நசுக்கிப் பார்த்தாள். “தழைதான் இருக்கு, மணியைக் காணோம்.” பாதிக்கு மேல் பதர். அப்பா அன்று இரவு சாப்பிடவில்லை.

அதனால்தான் குறைந்ததை மட்டும் பார்த்து மூட்டையைப் பிரிக்காதீர்கள் என்கிறேன். கூடியது எது என்று யாரும் கேட்பதில்லை. உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அப்புறம், கொட்டை நிறையப் பிடிக்கும் வருடத்தில் பாஸ்பரஸ் அங்கே போய்விடும், உச்சியும் மெலிந்து தெரியும். அது நோயல்ல.

ஆகஸ்டில் ஏறத் தெரிந்தவரை வைத்து இலை எடுங்கள். அக்டோபரில் இலையை விட்டுவிட்டுத் தரையில் தேடுங்கள். நாலாகப் பிளந்த முள் ஓட்டுக்குள் முப்பட்டையான கொட்டைகள், பெரும்பாலும் இரண்டு, இருக்கும். பத்தைப் பொறுக்கி நசுக்கிப் பார்த்து, எத்தனையில் பருப்பு இருந்தது என்று எழுதுங்கள்.