ஸ்டீயரிங் ரீகால்: சேலம் வண்டிக்காரர்கள் கேட்டவை

செவ்வாய்ப்பேட்டை: சார், 2022-ல் பதிவு செய்த ஈகோ. டை ராட் ரீகாலில் என் வண்டி வருமா? சத்தம் எதுவும் இல்லை.

மாருதி 2023 ஜூலையில் அறிவித்த ரீகால் அது, அதாவது குறையுள்ள பாகத்தை இலவசமாக மாற்றித் தர வண்டிகளைத் திரும்ப அழைப்பது. டை ராட் என்பது ஸ்டீயரிங்கின் அசைவை முன்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி. 2021 ஜூலை 5 முதல் 2023 பிப்ரவரி 15 வரை தயாரான எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ வண்டிகள், மொத்தம் 87,599. பதிவுத் தேதியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், ஆர்சியில் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். அது பொருந்தினாலும் கடைசி முடிவு சேசிஸ் நம்பரில்தான். எம்ஏ3 என்று தொடங்கும் 17 எழுத்தையும் கம்பெனி இணையதளத்தில் போட்டால் தெரிந்துவிடும். சத்தம் இல்லை என்று விட்டுவிடவும் வேண்டாம். தேய்ந்த ஜாயின்ட்தான் கடகடக்கும். தயாரிப்பிலேயே குறையுள்ள ராடு முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு ஒடியாது.

அஸ்தம்பட்டி: செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார். எனக்குக் கடிதமே வரவில்லையே?

கம்பெனி கணக்கில் பழைய ஓனரின் போன் நம்பர்தான் இருக்கும். எந்தக் கிளையிலும் சேசிஸ் நம்பரைச் சொல்லிப் பார்க்கச் சொல்லலாம். ரீகால் வண்டியோடு போகிறது, ஓனரோடு இல்லை. அப்படியே உங்கள் நம்பரையும் பதிந்துவிடுங்கள்.

ஓமலூர்: ரீகால் பட்டியலில் இல்லை, ஆனால் குழியில் இறங்கினால் முன்பக்கம் டக் டக் என்கிறது. வீட்டிலேயே பார்க்க முடியுமா அண்ணா?

முடியும், இரண்டு பேர் வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரமும் தரையில் இருக்கட்டும், ஹேண்ட் பிரேக் போடுங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக ஓர் அங்குலம் மட்டும் ஆட்ட, மற்றவர் டை ராட் எண்டை, அதாவது ராடின் முனையில் உள்ள மூட்டை, கையால் பிடித்துப் பார்க்கட்டும். வண்டிக்கு அடியில் நுழைய வேண்டாம், சக்கரத்துக்குப் பின்னால் கை விட்டாலே எட்டும். ராடு அசைந்தும் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பாகம்) அசையாமல் நின்றால், அல்லது கையில் 'டொக்' என்று தட்டினால், எண்டு போச்சு. பிறகு ஜாக்கி போட்டு, ஸ்டாண்டும் வைத்து, டயரை 3 மணி, 9 மணி இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். அதில் ஆட்டம் என்றால் டை ராட் பக்கம் பாருங்கள். 12, 6 இடத்திலும் ஆடினால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட்டைச் சந்தேகப்படலாம்.

ஜாயின்ட்டை மூடும் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கிழிந்த வழியாகத் தண்ணீரும் மண்ணும் புகுந்து கிரீஸைக் கெடுத்துவிடும். பட்டறையில் புது எண்டு போட்டுவிட்டுப் பழைய ஸ்ப்ளிட் பின்னையே நிமிர்த்திக் குத்துவார்கள், விடாதீர்கள். சில ரூபாய்ச் சாமான், நட்டு கழலாமல் காப்பது அதுதான்.

ஏற்காடு: பார்க்கிங்கில் நாலைந்து தடவை திருப்பினால் பவர் ஸ்டீயரிங் கனமாகிறது. கொஞ்ச நேரம் கழித்துச் சரியாகிறது.

நின்ற இடத்திலேயே முழுதாக ஒடித்துத் திருப்பினால் மோட்டார் சூடாகும், கன்ட்ரோல் யூனிட் தானாகவே உதவியைக் குறைத்துக்கொள்ளும். முதலில் டயர் காற்றைப் பாருங்கள். வண்டி மெல்ல உருளும்போது திருப்பிப் பழகுங்கள். டேஷ்போர்டில் இபிஎஸ் (எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்) விளக்கு அணையாமல் நின்றால் அது வேறு கதை: பேட்டரியைக் கழற்றி விளக்கை அணைக்காமல், கம்ப்யூட்டர் காட்டும் எரர் கோட் எண்ணை ஸ்கேன் செய்து எழுதி வாங்குங்கள். உதவி போனாலும் ஸ்டீயரிங் முன்சக்கரங்களோடு இணைந்தேதான் இருக்கும், ஆனால் 20 கொண்டை ஊசியிலும் அந்தக் கனத்தோடு இறங்குவது எல்லாராலும் ஆகாது. மலையிலேயே மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அயோத்தியாப்பட்டணம்: சர்வீஸ் சென்டரில் பார்ட்ஸ் வரவில்லை, ஓட்டிக்கொண்டிருங்கள் என்கிறார்கள். சரியா மேடம்?

அறிவிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். 2024-ல் 2,555 ஆல்டோ கே10 வண்டிகளுக்கு ஸ்டீயரிங் கியர்பாக்ஸ் ரீகால் வந்தபோது, மாற்றும் வரை ஓட்டவே வேண்டாம் என்று கம்பெனியே சொன்னது. அப்படி இருந்தால் வாய்மொழிச் சமாதானம் செல்லாது. ஜாப் கார்டு போட்டு, 'பார்ட் இல்லை' என்று எழுதி வாங்குங்கள், வண்டியைத் தூக்கிப்போகச் சொல்லுங்கள். மசியவில்லை என்றால் கம்பெனிக்கு மெயில், பிறகு நுகர்வோர் உதவி எண் 1915. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 110ஏ பிரிவில் அரசே ரீகாலுக்கு உத்தரவிடலாம். 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி 7 வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும், அபராதம் 10 லட்சம் முதல் 1 கோடி வரை.

மேட்டூர்: ரீகாலில் டை ராட் மாற்றிய பின் ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது.

அலைன்மென்ட் செய்யாமல் தந்திருக்கிறார்கள். திருப்பி அனுப்பி டோ (முன்சக்கரங்கள் உள்ளே, வெளியே திரும்பி நிற்கும் கோணம்) சரிபார்க்கச் சொல்லி, பிரின்ட் அவுட்டோடு வண்டியை எடுங்கள். ரீகால் வேலையில் இதற்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.