விலை நான்கு மடங்கு, பட்டியல் ஒன்றுதானா?

கேள்வி: எனக்கு வறண்ட சருமம். இரண்டு மாய்ஸ்சரைசர்களை எடுத்து வைத்துக்கொண்டு முழிக்கிறேன். ஒன்று மற்றதைப் போல நான்கு மடங்கு விலை, முன்பக்கத்தில் ஹயலுரோனிக் ஆசிட், செராமைடு என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். திருப்பிப் பார்த்தால் இரண்டிலும் முதல் வரி கிட்டத்தட்ட ஒன்றுதான்: தண்ணீர், கிளிசரின், செட்டியரில் ஆல்கஹால். ஆல்கஹால் வேறு பயமுறுத்துகிறது. எதை வாங்கலாம்?

பதில்: முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். செட்டியரில், செட்டைல், ஸ்டீயரில் என்று அடைமொழியோடு வரும் ஆல்கஹால்கள் மெழுகு மாதிரி கெட்டியான கொழுப்பு வகை. கிரீமுக்குத் திடம் கொடுக்கும், சருமத்தை மிருதுவாக்கும், உலர்த்தாது. 'ஆல்கஹால் டினாட்', அதாவது சட்டென்று ஆவியாகி சருமத்தை உலர்த்தக்கூடிய சாதாரண ஆல்கஹால், பட்டியலின் மேல்பகுதியில் இருந்தால்தான் நீங்கள் யோசிக்க வேண்டும்.

சரி, பட்டியலுக்கு வருவோம். எது எடையில் அதிகமோ அது முதலில் வரும், ஆனால் 1 சதவீதமோ அதற்குக் கீழோ இருப்பவற்றை எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம் என்று விதியே இடம் கொடுக்கிறது. அந்த எல்லை எங்கே என்று டப்பாவில் போட மாட்டார்கள். நான் ஃபீனாக்ஸிஎத்தனாலைத் தேடுவேன். கிரீம் கெடாமலிருக்கச் சேர்ப்பது அது, ஐரோப்பிய ஒன்றியத்தில் அதன் உச்சவரம்பே 1 சதவீதம், ஆகவே அதற்குப் பின்னால் வருவதெல்லாம் பெரும்பாலும் துளித்துளிதான். ஒருமுறை பூச்சாறு என்ற பெயருக்காகவே ஒரு கிரீம் வாங்கிவிட்டு வீட்டில் வந்து திருப்பிப் பார்த்தால், அந்தச் சாறு கடைசிக்கு முந்தின பெயர், வாசனைத் திரவியத்துக்கும் பின்னால்!

ஆனால் கடைசியில் இருப்பதெல்லாம் ஏமாற்று என்றும் சொல்லிவிட முடியாது. ஹயலுரோனிக் ஆசிட் (பட்டியலில் பெரும்பாலும் சோடியம் ஹயலுரோனேட்) 1 சதவீதம் கரைத்தாலே தண்ணீர் கூழாகிவிடும், அதனால் அதைக் கொஞ்சமாகத்தான் போடுவார்கள். என்ன, அது செய்கிற அதே ஈரம் இழுக்கிற வேலையைக் கிளிசரின் மலிவாகச் செய்துவிடுகிறது, அதுவும் பட்டியலின் இரண்டாம் இடத்தில் உட்கார்ந்துகொண்டு.

உங்கள் சருமத்துக்கு நான் பார்க்கச் சொல்வது வேறு. இழுத்த ஈரம் ஆவியாகாமல் மேலே மூடி போட ஏதாவது இருக்கிறதா? பெட்ரோலேட்டம், அதாவது பெட்ரோலியம் ஜெல்லி, இதில் கெட்டிக்காரன். டைமெத்திகோன் என்ற சிலிக்கோன் இன்னும் இலேசானது, பிசுபிசுப்பு பிடிக்காதவர்களுக்கு ஏற்றது. மலிவானதில் இவற்றில் ஒன்று முதல் ஆறேழு பெயருக்குள் இருந்தால் அதையே வாங்குங்கள். இரண்டிலும் இருந்து, விலை கூடியதில் செராமைடும் (சருமத்திலேயே இயல்பாக இருக்கும் கொழுப்பு வகை) ஃபீனாக்ஸிஎத்தனாலுக்கு முன்னால் இருந்தால், கையில் பணமும் இருந்தால், அதை வாங்குவதில் தப்பில்லை.

அப்புறம், 'பர்ஃப்யூம்' என்ற ஒரே சொல்லுக்குள் பல வாசனைப் பொருள்கள் ஒளிந்திருக்கலாம். சட்டென்று அரிக்கிற சருமம் என்றால் 'ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ' என்று போட்டதை எடுங்கள். 'அன்சென்டட்' வேறு, அதில் மூல வாடையை மறைக்கவே ஒரு வாசனை சேர்த்திருக்கலாம். எதை வாங்கினாலும் முழங்கையின் உள்பக்கம் நாலைந்து நாள் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள். நான்கு மடங்கு என்கிறீர்களே, இரண்டு டப்பாவிலும் கிராம் ஒன்றுதானா என்றும் ஒருதடவை பார்த்துவிடுங்கள்.