அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் கதை நடந்து, அங்கேயே எடுக்கப்பட்ட பிரபலமான படங்கள் எவை?

முதலில் சொல்ல வேண்டியது 1986-இல் வந்த 'டாப் கன்'. டோனி ஸ்காட் இயக்கம், டாம் குரூஸ் நடிப்பு. படத்தில் வரும் போர் விமானப் பயிற்சிப் பள்ளி அன்றைக்கு நிஜமாகவே சான் டியாகோவின் மிராமர் கடற்படைத் தளத்தில்தான் இருந்தது; 1996-இல்தான் நெவாடாவுக்கு மாறியது. படப்பிடிப்பும் அந்தத் தளத்திலேயே நடந்ததால், ஓடுபாதையில் விழும் அந்த மஞ்சள் வெயில் அந்த ஊர் வெயிலேதான். நண்பன் பியானோ வாசிக்க நாயகன் கூடச் சேர்ந்து பாடும் காட்சியை, துறைமுகத்தை ஒட்டிய 'கன்சாஸ் சிட்டி பார்பெக்யூ' என்ற உணவகத்தில் எடுத்தார்கள். எனக்கு விமானக் காட்சிகளைவிட அதுதான் பிடிக்கும்.

அப்புறம் கேமரன் குரோவின் 'ஆல்மோஸ்ட் ஃபேமஸ்' (2000). தன் இளமைக் காலத்தை வைத்து அவர் எடுத்த படம். கதை சான் டியாகோவில் தொடங்கிப் பல ஊர்களுக்குப் போகும்.

இரண்டு படங்களைப் பலரும் இந்தப் பட்டியலில் தவறாகச் சேர்ப்பார்கள். 'ஆங்கர்மேன்' (2004) கதை சான் டியாகோவில் நடக்கிறது, சரி. ஆனால் பெரும்பகுதியை லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் எடுத்தார்கள். 'சம் லைக் இட் ஹாட்' (1959) நேர்மாறு. கதைப்படி அது மயாமி. மர்லின் மன்றோ நடந்து வரும் கடற்கரையோ, சான் டியாகோவுக்கு எதிரே உள்ள கொரொனாடோவில் இருக்கிறது. பின்னால் தெரியும் பெரிய மரக் கட்டடம் 1888-இல் திறந்த 'ஹோட்டல் டெல் கொரொனாடோ'. படம் கறுப்பு வெள்ளை என்பதால், அதன் கூம்புக் கூரைகளின் சிவப்பு நிறம் மட்டும் நமக்குத் தெரியாமல் போய்விட்டது.