மெத்தையை நனைக்கும் பூனை: கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: எங்கள் வீட்டு ஆண் பூனைக்கு நான்கு வயது, குட்டியாக இருந்தபோதே கருத்தடை அறுவை செய்துவிட்டோம். மூன்று வாரங்களுக்கு முன் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து, லிட்டர் பாக்ஸில் (மண் நிரப்பிய கழிப்புத் தட்டில்) மலம் மட்டும் கழித்துவிட்டு, சிறுநீரைக் குளியலறை மிதியடியிலும் எங்கள் மெத்தையிலும் கழிக்கிறது. ஒவ்வொரு முறையும் ஃபீனைல் போட்டுத் துடைக்கிறோம். வாசனை வெளியே வரக் கூடாதென்று மூடியுள்ள பெட்டியாக மாற்றி, நறுமணம் கலந்த மண்ணை நிரப்பி, பால்கனியில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். வேண்டுமென்றே பழிவாங்குகிறது, மீன் சந்தையில் விட்டுவிடலாம் என்கிறார் என் கணவர். என்ன செய்வது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் பூனை அடிக்கடி போய்க் குந்துகிறதா, குந்தியும் ஓரிரு சொட்டுகள்தான் வருகின்றனவா, அப்போது கத்துகிறதா, பிறப்புறுப்பை ஓயாமல் நக்குகிறதா என்று இன்றைக்கே கவனியுங்கள். சிறுநீர் அறவே வராமல் முக்குகிறது என்றால் இந்தப் பதிலை மேலே படிக்காமல் உடனே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. நுண்ணிய படிகங்களும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இரண்டு மூன்று நாட்களில் உயிரே போய்விடக்கூடும்.

அடைப்பு இல்லாவிட்டாலும் சிறுநீர்ப் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம். மலத்தை ஒழுங்காகக் கழிக்கும் பூனை சிறுநீருக்கு மட்டும் மெத்தையைத் தேடினால், சிறுநீர்ப்பை அழற்சி இருக்குமோ என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வலியோடு குந்திய இடத்தையே வலிக்குக் காரணம் என்று எண்ணி, பூனைகள் மென்மையான வேறு இடத்துக்குப் போய்விடுவது உண்டு. இளவயதுப் பூனைகளில் பெரும்பாலும் கிருமியோ கல்லோ இல்லாமலே இந்த அழற்சி வருகிறது. மன அழுத்தம் அதைத் தூண்டுகிறது, வீடு மாறுவதோ பூனைக்குப் பெரிய அழுத்தம். ஆகவே மருந்துக் கடையில் நீங்களாகவே ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுப்பதில் பயன் இருக்காது. வலிக்கிறதே என்று பாரசிட்டமால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

ஃபீனைலை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அதிலுள்ள ஃபீனால் வகை வேதிப்பொருட்களை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. துடைத்த தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே நஞ்சு உள்ளே போகும். அதன் நெடி நமது மூக்கை ஏமாற்றுகிறதே ஒழிய, அடியில் கிடக்கும் சிறுநீர் வாடை பூனைக்கு நன்றாகவே தெரிகிறது, அந்த வாடைதான் அதை மறுபடியும் அங்கே இழுக்கிறது. துணியால் ஒற்றி எடுத்து, குளிர்ந்த நீரால் அலசி, செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும், சிறுநீரைச் சிதைக்கும் என்சைம் கலந்த திரவத்தை ஊற்றி ஊறவிடுங்கள். மெத்தையாக இருந்தால் ஈரம் இறங்கிய ஆழம்வரை திரவமும் இறங்க வேண்டும். சில வாரங்களுக்கு மெத்தையின்மேல் ரெக்சின் விரித்து வையுங்கள்.

அடுத்தது பெட்டி. மூடி போட்ட பெட்டிக்குள் வாடை தேங்கி நிற்கும்; நமக்கு இதமான நறுமணம், மோப்பத்தால் வாழும் பிராணிக்குத் தொல்லை; போதாததற்கு, குந்தியிருக்கும்போது பக்கத்தில் வாஷிங் மெஷின் அதிரத் தொடங்கினால் அடுத்த முறை அது அங்கே போகத் துணியாது. மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்து, அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளமுள்ள திறந்த பிளாஸ்டிக் தொட்டியாக வாங்குங்கள். துணி ஊறவைக்கும் அகலத் தொட்டியே போதும். நம் வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை என்பதாலோ என்னவோ, காலுக்கு மணல்போல் படும் பொடி மண்ணையே பெரும்பாலான பூனைகள் விரும்புகின்றன. மணமூட்டாத பென்டோனைட் மண்ணை (ஈரம் பட்டால் கட்டியாகும் களிமண் பொடி) இரண்டு அங்குல ஆழத்துக்கு நிரப்பி, நாளுக்கு இரண்டு முறை அள்ளி எடுத்துவிடுங்கள். ஒரே பூனை என்றாலும் இப்படி இரண்டு கழிப்புத் தட்டுகள் வேண்டும், இரண்டும் வெவ்வேறு இடத்தில், சாப்பாட்டுக் கிண்ணத்திலிருந்து தள்ளி இருக்க வேண்டும்.

புதிய வீடு முழுவதையும் ஒரே நாளில் அதன்முன் திறந்துவிட்டிருப்பீர்கள். ஓர் அமைதியான அறையில் அதன் பழைய படுக்கை, தண்ணீர், தட்டு ஆகியவற்றோடு சில நாட்கள் வைத்திருந்து, தட்டுக்குப் பழகிய பிறகு மற்ற அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிடுங்கள்.

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். பழிவாங்கும் எண்ணம் பூனைக்கு இருப்பதாகக் கொள்ள எந்த ஆதாரமும் இல்லை; மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்ப்பதும் அடிப்பதும் அச்சத்தைக் கூட்டி நோயை வளர்க்கும். நான்கு ஆண்டுகள் வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனைக்குச் சந்தையில் நாய்களிடமிருந்து தப்பத் தெரியாது. பசியிலும் தாகத்திலும் வாட நேரும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

கேள்வி: எங்கள் பத்து மாத ஆண் பூனை தட்டை ஒழுங்காகப் பயன்படுத்துகிறது. ஆனால் சில நாட்களாக வாசற்கதவின்மீதும் சோபாவின் பின்புறத்திலும் நின்றபடியே வாலை நடுக்கிச் சிறுநீரைப் பீய்ச்சுகிறது. தட்டை மாற்ற வேண்டுமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: தட்டில் குறையில்லை. பருவமடைந்த ஆண் பூனை இது தன் எல்லை என்று அறிவிக்கும் முறை அது. தெருப்பூனை ஏதேனும் வாசலுக்கு வந்து போகிறதா என்றும் பாருங்கள். கருத்தடை அறுவைக்குப் பிறகு பத்தில் ஏறக்குறைய ஒன்பது ஆண் பூனைகளில் இந்தப் பழக்கம் நின்றுவிடுகிறது அல்லது வெகுவாகக் குறைகிறது. பழக்கம் ஊன்றும் முன் செய்துவிடுங்கள். உடலில் எஞ்சியுள்ள ஹார்மோன் அடங்கச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால், அதுவரை கதவையும் சோபாவையும் மேலே சொன்ன என்சைம் திரவத்தாலேயே கழுவி வாருங்கள்.