ஓவியப் பிரிண்டுக்குத் தாள்: ‘அமிலமற்றது’ என்று போட்டிருந்தால் போதுமா?

போதாது. சாதா மரக்கூழில் இருக்கும் லிக்னின்தான் (மரத்துக்கு உறுதி தரும் இயற்கைப் பொருள்) தாளைப் பழுப்பாக்குகிறது; ‘அமிலமற்றது’ என்று போட்ட தாளிலும் அது இருக்கலாம். பழைய செய்தித்தாளைப் பார்த்தாலே தெரியும். அதனால் 100% பருத்தித் தாளே என் தேர்வு. லிக்னின் நீக்கிச் சுத்தமாக்கிய மரக்கூழான ஆல்ஃபா செல்லுலோஸும் மோசமில்லை, விலையும் குறைவு.

பலர் கவனிக்காமல் விடுவது வெண்மையூட்டியை, அதாவது தாளை அதிக வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் ரசாயனத்தை. இருட்டில் தாள்மேல் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் அது கலந்திருக்கிறது. வருடம் போகப்போக அதன் வீரியம் குறைந்து, தாளில் மஞ்சள் தட்டும். கான்சன் நிறுவனத்தின் ‘ராக் ஃபோட்டோகிராஃபிக்’ 310 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 310 கிராம்) தாளில் வெண்மையூட்டி கிடையாது. வெள்ளை கொஞ்சம் மட்டாகத்தான் இருக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும்.

அப்புறம், பிரிண்ட் போடுமிடத்தில் பிக்மென்ட் இங்க்தானா (நிறம் நுண்துகளாக இருக்கும் மை) என்று கேளுங்கள். டை இங்க் (சாயம் கரைந்த மை) என்றால் நிறம் சீக்கிரம் வெளிறிவிடும், நல்ல தாள் போட்டும் வீண்.