கொல்லைக்கு வரும் பறவைகளுக்கு எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

கேள்வி: கொல்லையில் தேன்சிட்டு வர வேண்டும் என்று இணையக் கடையில் ஒரு தொகுப்பை வாங்கினேன். அதில் சிவப்பு நிறச் சர்க்கரைநீர்க் குப்பி, கொழுப்புக் கட்டி, சூரியகாந்தி விதை ஆகியவை இருந்தன. தேன்சிட்டு குப்பியின் பக்கமே வரவில்லை. கொழுப்புக் கட்டியோ வெயிலில் உருகி எறும்பு மொய்த்துவிட்டது. பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா? (வாசகர், திருச்சி)

பதில்: நீங்கள் வாங்கியவை வேறு நாட்டுப் பறவைகளுக்கும் வேறு தட்பவெப்பத்துக்கும் உருவானவை. அந்தக் குப்பி, அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்ந்து, அந்தரத்தில் நின்றபடி தேன் குடிக்கும் ஓசனிச்சிட்டுக்காக வடிவமைக்கப்பட்டது. நம் தேன்சிட்டு பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்து, பூவுக்குள் அலகை நுழைத்துக் குடிக்கும். கொழுப்புக் கட்டி, பனிக்காலத்தில் உடல் சூட்டைக் காத்துக்கொள்ளப் போராடும் குளிர்நாட்டுப் பறவைகளின் உணவு. திருச்சி வெயிலில் அது உருகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பணத்தைப் பொறுத்தவரை, பறவை வரவில்லை என்பது மட்டுமே பொருளின் குறைபாடு ஆகிவிடாது. ஆனால் விற்பனைப் பக்கத்தில் தேன்சிட்டின் படத்தைப் போட்டோ, இந்தியப் பறவைகளுக்கு ஏற்றது என்று எழுதியோ விற்றிருந்தால் நிலைமை வேறு. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் கூறுகின்றன. எனவே அந்தப் பக்கத்தை இன்றே படமெடுத்து வைத்துக்கொண்டு, தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். பலனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

திரும்பி வரும் பணத்தில் இன்னொரு குப்பி வாங்க வேண்டாம். ஒரு செம்பருத்திச் செடியும் ஓர் இட்லிப்பூச் செடியும் வாங்கி நட்டால், தேன்சிட்டு தானாக வரும்.

கேள்வி: ஆண்டு முழுவதும் தானியம் வைக்கலாமா? பறவைத் தீனி என்று விற்கும் பாக்கெட்டுகள் நல்லவையா? (வாசகி, தாம்பரம்)

பதில்: சிட்டுக்குருவிக்கும் புறாவுக்கும் மளிகைக் கடையில் கிடைக்கும் கம்பு, தினை, நொய் ஆகியவையே போதும், வண்ணப் பாக்கெட்டில் இருப்பதும் பெரும்பாலும் இவைதாம். பாக்கெட்டாகவே வாங்குவதானால் நிகர எடை, தயாரித்த மாதம், அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்கான முகவரி ஆகியவை அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். உப்புப் போட்ட மிக்சர், ரொட்டித் துண்டு போன்றவற்றை வைக்காதீர்கள்.

சித்திரை, வைகாசியில் தானியத்தைவிடத் தண்ணீரே முக்கியம். அதற்குத் தொட்டிச் செடியின் அடியில் வைக்கும் அகலமான மண்தட்டு ஒன்று போதும். ஆழம் இரண்டு அங்குலத்தைத் தாண்டக் கூடாது. சின்னப் பறவைகள் நின்று குடிக்க நடுவில் ஒரு கல்லைப் போடுங்கள். பூனை பதுங்கக்கூடிய புதருக்குப் பக்கத்தில் தட்டை வைக்காதீர்கள். கொண்டைக்குருவிகள் குளித்துவிட்டுப் போன தட்டில் எச்சமும் வழவழப்பான பாசியும் படிந்திருக்கும். தினமும் தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகள் தட்டின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, தானியத்தைக் குறைத்துவிடுங்கள். நனைந்த கம்பு விரைவில் பூசணம் பிடிக்கும். அது பறவைக்கு நஞ்சு. அந்த மாதங்களில் பூச்சி புழுக்களுக்குப் பஞ்சமே இருக்காது. வலசை வரும் ஆறுமணிக்குருவி தரையில் கிடக்கும் சருகைக் கிளறி இரை தேடும் பறவை. அதற்காக எதையும் வாங்க வேண்டியதில்லை. கொல்லையின் ஒரு மூலையையாவது பெருக்காமல் விட்டுவையுங்கள்.

கேள்வி: சிட்டுக்குருவிக் கூடு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? (வாசகர், ஈரோடு)

பதில்: முதலில் நுழைதுளை. அது ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் குறுக்களவு இருக்க வேண்டும்; அதைவிடப் பெரியதாக இருந்தால் மைனா உள்ளே புகுந்துவிடும். துளைக்குக் கீழே அழகுக்காக வைக்கும் குச்சி வேண்டாம், அதில் உட்கார்ந்து குஞ்சைக் கொத்திக்கொண்டு போகக் காகத்துக்கு அது வசதி. உட்புறம் வர்ணம் பூசியதையும், வார்னிஷ் வாடை வீசுவதையும், அட்டையில் செய்ததையும் ஒதுக்குங்கள். தேங்காய் நாரில் பந்து போலப் பின்னி விற்கும் கூடு, கூண்டில் வளர்க்கும் பறவைகளுக்கானது. மரப்பெட்டியை வெயில் படாத இறவாணத்தின் கீழ், எட்டு முதல் பத்து அடி உயரத்தில், மின்விசிறி சுழலும் அறைக்கு வெளியே ஆணியடித்து மாட்டுங்கள். முட்டையிட்ட பிறகு திறந்து பார்க்காதீர்கள். குஞ்சுகளுக்குத் தாய் ஊட்டுவது பெரும்பாலும் புழு பூச்சிகளையே என்பதால், பக்கத்திலிருக்கும் செடிகளுக்குப் பூச்சிமருந்து அடிப்பதை அந்த வாரங்களிலாவது நிறுத்திவையுங்கள்.